புற்றுநோய்க்கும் மண் வேண்டும்

"அப்பாவுக்குப் புரொஸ்டேட் புற்றுநோய் எண்டு சொல்லிப்போட்டு, ஆறு மாதம் கழிச்சு வாங்கோ எண்டு அனுப்பியிருக்கினம். வெட்டவும் இல்லை, மருந்தும் இல்லை. என்ன வைத்தியம் இது?"

ரொறன்ரோவின் மல்வேர்னில் அறுபதைத் தாண்டிய ஆண்கள் இருக்கும் வீடுகளில் இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது. கேட்பவர்களின் பதற்றம் நியாயமானது. புற்றுநோய் என்றால் உடனே வெட்டி எறிய வேண்டும் என்றுதான் நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். கண்டுபிடித்த நோயை உடம்புக்குள் விட்டுவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது அலட்சியமாகத்தான் தெரியும். ஆனால் அந்த முடிவுக்குப் பின்னால் இதே ரொறன்ரோ நகரில் நடந்த ஒரு நீண்ட ஆய்வு இருக்கிறது.

சன்னிபுரூக் மருத்துவமனையின் சத்திரசிகிச்சை நிபுணர் லோரன்ஸ் குளொட்ஸும் அவரது குழுவினரும் 1995 முதல் ஒரு வழியைக் கடைப்பிடித்தார்கள். வேகமாக வளரும் அறிகுறி இல்லாத புரொஸ்டேட் புற்றுநோய்க்கு உடனே கத்தி வைப்பதில்லை. பி.எஸ்.ஏ. என்ற குருதிச் சோதனையைக் குறித்த காலங்களில் செய்வது, இடையிடையே ஊசியால் இழையம் எடுத்துப் பார்ப்பது (பயொப்சி), நோயின் போக்கு மாறினால் அப்போது சிகிச்சையைத் தொடங்குவது. இப்படிக் கண்காணிக்கப்பட்ட 993 ஆண்களின் கதை 2015இல் வெளியாயிற்று. அதற்குள் 149 பேர் இறந்திருந்தார்கள். அவர்களில் புரொஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் 15 பேர் மட்டுமே. மற்றவர்களை மாரடைப்பு முதலான வேறு காரணங்கள் கொண்டுபோயின. கண்காணிப்பில் சேர்ந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குப் பதினைந்து ஆண்டுகள் கழிந்தும் சிகிச்சை தேவைப்படவில்லை என்று அந்த ஆய்வு கணித்தது.

இதோடு இன்னும் இரண்டு எண்களைச் சேர்த்துப் பாருங்கள். கனடாவில் ஏறத்தாழ எட்டு ஆண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் புரொஸ்டேட் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுகிறது. அந்த நோயால் இறப்பவர் ஏறத்தாழ முப்பதில் ஒருவர். கண்டுபிடிக்கப்படாமலே போகிறவர்கள் இன்னும் அதிகம். வேறு காரணத்தால் இறந்த ஆண்களின் உடல்களைப் பரிசோதித்தவர்கள், ஐம்பதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரின் புரொஸ்டேட்டில் சிறு புற்றுத் திட்டுக்களைக் கண்டிருக்கிறார்கள். அந்த மனிதர்களுக்கு அது இருந்ததே தெரியாது.

புதிர் இங்கேதான் தொடங்குகிறது. ஒருவரிடம் இருபது ஆண்டுகள் அடங்கிக் கிடக்கும் அதே நோய், இன்னொருவரிடம் சில ஆண்டுகளில் முதுகெலும்பை எட்டிவிடுகிறது. ஏன்? புற்றுக்கலத்தின் மரபணுக்களில் உண்டான பிழைகள் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன என்பது விடையின் ஒரு பகுதி. அதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். மற்றப் பகுதி புற்றுக்கலத்துக்கு வெளியே இருக்கிறது. அதைச் சூழ்ந்திருக்கும், பிழையேதும் இல்லாத சாதாரணக் கலங்களில் இருக்கிறது. அவற்றை இந்தக் கட்டுரையில் அயற்கலங்கள் என்று அழைப்போம்.

புரொஸ்டேட் ஏறத்தாழ 20 கிராம் எடையுள்ள ஒரு சுரப்பி. சிறுநீர்ப்பையின் கீழே, சிறுநீர்வழியைச் சுற்றி அமைந்திருக்கிறது. விந்தோடு கலக்கும் திரவத்தின் ஒரு பகுதியைச் சுரக்கிறது. அதை மெல்லிய சீவலாக வெட்டி, சாயம் ஊட்டி, நுணுக்குக்காட்டியில் வைத்தால் வளைந்து நெளிந்த சிறு குழிகள் தெரியும். ஒவ்வொரு குழியின் உட்புறத்திலும் சுரக்கும் கலங்கள் வரிசையாக நிற்கும். இவை மேலணிக் கலங்கள். அவற்றின் அடியில் இன்னொரு வரிசை, அதன் அடியில் மிக மெல்லிய ஒரு படலம். படலத்துக்கு வெளியே, குழிகளுக்கு இடைப்பட்ட இடமெல்லாம் நிறைந்திருப்பது சூழிழையம். அதில் தானாகச் சுருங்கி விரியும் மழமழப்பான தசைக் கலங்கள் இருக்கின்றன. கொலாஜன் என்ற நாரைச் சுரந்து இழையத்துக்கு உருக்கொடுக்கும் நார்க்கலங்கள் இருக்கின்றன. குருதிக் குழாய்கள், நரம்புகள், நோயெதிர்ப்புக் கலங்கள் எல்லாம் அங்கேதான். மனித புரொஸ்டேட்டில் இந்தச் சூழிழையம் தாராளமாகவே உண்டு.

புற்றுநோய் மேலணிக் கலத்தில் தொடங்குகிறது. அதனால் ஆய்வாளர்களின் கண்ணும் நெடுங்காலம் அந்தக் கலத்திலேயே நின்றது. ஆனால் பயொப்சி அறிக்கையில் எல்லாரும் முதலில் தேடும் கிளீசன் எண்ணை எடுத்துப் பாருங்கள். மினியாபொலிஸில் பணியாற்றிய நோயியலாளர் டொனால்ட் கிளீசன் 1966இல் அந்த முறையை வகுத்தபோது, தனிக் கலத்தின் தோற்றத்தை அளவுகோலாக எடுக்கவில்லை. குழிகள் ஒழுங்காக நிற்கின்றனவா, ஒன்றோடொன்று கலந்துவிட்டனவா, குழி என்ற உருவமே அழிந்து கலங்கள் சூழிழையத்துக்குள் சிதறிவிட்டனவா என்றுதான் பார்த்தார். அறுபது ஆண்டுகள் கழிந்தும், சில திருத்தங்களோடு, நோயின் போக்கைக் கணிக்க உலகமெங்கும் அந்த முறைதான் நிற்கிறது. கலங்களுக்கும் அவற்றின் அயலுக்கும் உள்ள ஒழுங்கு எவ்வளவு குலைந்திருக்கிறது என்பதையே அந்த எண் சொல்கிறது. இதை யாராவது நோயாளிக்கு விளக்கினால் நல்லது என்று எனக்குத் தோன்றும்.

அயற்கலங்களுக்கு அவ்வளவு செல்வாக்கு உண்டு என்பதற்கு முதல் உறுதியான சான்று புற்றுநோய் ஆய்விலிருந்து வரவில்லை. கருவில் புரொஸ்டேட் எப்படி உருவாகிறது என்று பார்த்தவர்களிடமிருந்து வந்தது. அமெரிக்க ஆய்வாளர் ஜெரால்ட் குன்ஹா 1970களில் எலிக் கருக்களின் இழையங்களைப் பிரித்தெடுத்து, வேறு வேறு விதமாக மீண்டும் சேர்த்துப் பார்த்தார். புரொஸ்டேட் உருவாக ஆண் ஓமோன் வேண்டும். அந்த ஓமோனின் செய்தியை வாங்கும் புரதம், அதாவது ஏற்பி, பழுதான ஒரு வகை எலி உண்டு. அதில் புரொஸ்டேட் உருவாகாது. குன்ஹா கேட்ட கேள்வி இதுதான்: ஓமோனின் செய்தி யாருக்குப் போய்ச் சேர வேண்டும், மேலணிக்கா சூழிழையத்துக்கா?

நல்ல மேலணியையும் ஏற்பி பழுதான சூழிழையத்தையும் சேர்த்தபோது புரொஸ்டேட் உருவாகவில்லை. ஏற்பி பழுதான மேலணியை நல்ல சூழிழையத்தோடு சேர்த்தபோது உருவாயிற்று. ஓமோன் சூழிழையத்துக்குச் சொல்ல, சூழிழையம் மேலணிக்குச் சொல்லியிருக்கிறது. இன்னொரு பரிசோதனை இன்னும் வியப்பானது. சிறுநீர்ப்பையின் மேலணியை எடுத்து, புரொஸ்டேட் உருவாக வேண்டிய இடத்துச் சூழிழையத்தோடு வளர்த்தபோது, அது புரொஸ்டேட் சுரப்பியாக வளர்ந்தது. தான் என்ன ஆக வேண்டும் என்பதை ஒரு கலம் அயலைக் கேட்டே தீர்மானிக்கிறது என்றால், கட்டுக்கடங்காமல் வளர வேண்டுமா, அடங்கியிருக்க வேண்டுமா என்பதிலும் அயலுக்குப் பங்கு இருக்குமல்லவா?

அதைச் சோதித்த பரிசோதனை 1999இல் வெளியாயிற்று. ஆரியா ஒலுமி, தியா டில்ஸ்டி, குன்ஹா முதலானோர் செய்தது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை அது. அதனால் சற்று நின்று பார்ப்போம்.

புற்றுநோய்க்காக அகற்றப்பட்ட மனித புரொஸ்டேட்டிலிருந்து, புற்றை ஒட்டிக் கிடந்த நார்க்கலங்களைப் பிரித்தெடுத்தார்கள். புற்று இல்லாத புரொஸ்டேட் இழையத்திலிருந்தும் நார்க்கலங்களை எடுத்தார்கள். மேலணிக் கலங்களிலும் இரண்டு வகை. ஒன்று முற்றிலும் சாதாரணமானது. மற்றது புற்றுப் பாதையில் ஓரடி வைத்தது. ஒரு வைரஸின் மரபணுவைப் புகுத்தி முடிவில்லாமல் பெருகும்படி செய்யப்பட்ட கலம், ஆனால் தனியே விட்டால் கட்டியாக வளராதது. இந்த இரண்டு வகை மேலணியையும் இரண்டு வகை நார்க்கலத்தோடும் மாற்றி மாற்றிக் கலந்து, கொலாஜன் கூழில் வைத்து, நோயெதிர்ப்பு இல்லாத எலியின் சிறுநீரக உறைக்கு அடியில் பதித்தார்கள். அங்கே குருதியோட்டம் நன்றாக இருப்பதால் பதித்தது பிழைக்கும்.

சாதாரண மேலணியோடு எந்த நார்க்கலத்தைச் சேர்த்தாலும் கட்டி வரவில்லை. ஓரடி வைத்த மேலணியோடு சாதாரண நார்க்கலத்தைச் சேர்த்தபோதும் பெரிதாக ஒன்றும் வளரவில்லை. அதே மேலணியோடு, புற்றை ஒட்டிக் கிடந்த நார்க்கலங்களைச் சேர்த்த எலிகளில் மட்டும் பெரிய புற்றுக்கட்டி வளர்ந்தது.

மேலணிக் கலம் ஒன்றேதான். அதன் அயல் மட்டும் மாறியிருந்தது. சாதாரண மேலணி அந்தக் கெட்ட அயலிலும் கெடவில்லை என்பதையும் கவனியுங்கள். கலத்தில் முதற் பிழை இருக்க வேண்டும். அந்தப் பிழையைக் கட்டியாக வளர்ப்பதா, அடக்கி வைப்பதா என்பதில் அயல் தலையிடுகிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து இதே குழுக்களைச் சேர்ந்தவர்கள் இன்னொன்றும் கண்டார்கள். அந்தக் கட்டிகளிலிருந்து மேலணிக் கலங்களை மட்டும் திரும்பப் பிரித்து எலியில் பதித்தபோது, இப்போது அவை நார்க்கலங்களின் துணை இல்லாமலே கட்டியாக வளர்ந்தன. அயலின் தூண்டலில் கலம் நிரந்தரமாக மாறிவிட்டிருந்தது.

ஆனால் இதில் ஆட்சேபம் ஒன்று எழலாம். எலியின் சிறுநீரகத்துக்கு அடியில் மனிதக் கலங்களைக் கலந்து பதிப்பது செயற்கையான ஏற்பாடுதானே? 2004இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் நீல் பௌமிக்கும் ஹரல்ட் மோசஸும் உயிருள்ள எலியின் சொந்த உடலிலேயே கேள்வியைக் கேட்டார்கள். கலங்கள் பெருகுவதைக் கட்டுப்படுத்தும் செய்திகளில் ரி.ஜி.எவ்.-பீற்றா என்ற புரதம் முக்கியமானது. அதை வாங்கும் ஏற்பியை நார்க்கலங்களில் மட்டும் நீக்கினார்கள். மேலணியின் மரபணுவைத் தொடவே இல்லை. அந்த எலிகளின் புரொஸ்டேட் மேலணியில் புற்றுக்கு முந்திய மாற்றங்கள் தோன்றின. முன்னிரைப்பையின் மேலணியில் புற்றுநோயே வந்தது. பிழை ஒரு வகைக் கலத்தில், நோய் இன்னொரு வகைக் கலத்தில்.

நல்ல அயல் எப்படிக் கெட்டுப் போகிறது? பொஸ்டனைச் சேர்ந்த நோயியலாளர் ஹரல்ட் ட்வோராக் 1986இல், புற்றுக்கட்டிகளை ஆறாத காயங்கள் என்று எழுதினார். கையில் வெட்டுப்பட்டால் நார்க்கலங்கள் விழித்துக்கொள்கின்றன. பாதி தசையாக மாறி, காயத்தின் ஓரங்களை இழுத்துச் சேர்க்கின்றன. கொலாஜனைக் கொட்டி நிரப்புகின்றன. வளர்ச்சியைத் தூண்டும் புரதங்களைச் சுரக்கின்றன. புதிய குருதிக் குழாய்கள் முளைக்கின்றன. காயம் ஆறியதும் எல்லாம் அடங்கிவிடும். புற்றைச் சுற்றியும் இதே வேலைகள் தொடங்குகின்றன. அடங்குவதுதான் இல்லை. ஹூஸ்டன் பேய்லர் மருத்துவக் கல்லூரியில் டேவிட் ரௌலி, குஸ்தாவோ அயாலா ஆகியோர் புரொஸ்டேட் சீவல்களில் இதைத் தேடினார்கள். ஒழுங்கான தசைக் கலங்கள் இருந்த இடத்தில் காயத்தில் வரும் அந்த அரைத்தசைக் கலங்கள் வந்து குடியேறியிருந்தன. இப்படி மாறிய சூழிழையம் மிகுதியாக இருந்தவர்களுக்குச் சத்திரசிகிச்சைக்குப் பின் நோய் விரைவில் திரும்பியது என்று 2003இல் காட்டினார்கள்.

அவசரமாக முளைக்கும் குருதிக் குழாய்கள் கோணலும் கசிவுமாக இருக்கும். கட்டிக்குள் சில இடங்களுக்கு ஒட்சிசன் போய்ச் சேராது. ஒட்சிசன் குறைந்தால் புற்றுக்கலம் மடியும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். நடப்பது வேறு. அந்த நெருக்கடியைத் தாக்குப்பிடிக்கும் முரட்டுக் கலங்கள் தெரிந்தெடுக்கப்படுகின்றன. போதாததற்கு, கதிர்ச் சிகிச்சை கலத்தின் மரபுப் பொருளில் உண்டாக்கும் சேதம் நிலைத்து நிற்க ஒட்சிசன் வேண்டும். அது குறைந்த இடத்தில் கதிர் சரியாக வேலை செய்யாது.

இதை நோயாளிகளிடம் நேரடியாக அளந்த இடங்களில் ஒன்று நம் ரொறன்ரோவின் பிரின்சஸ் மார்கிரெட் புற்றுநோய் நிலையம். மைக்கல் மிலோசெவிக், ரொபேட் பிரிஸ்டோ முதலானோர் 247 ஆண்களின் புரொஸ்டேட்டுக்குள், கதிர்ச் சிகிச்சை தொடங்குமுன், ஒட்சிசனை அளக்கும் நுண்ணிய ஊசியைச் செலுத்திப் பல புள்ளிகளில் அளவெடுத்தார்கள். முடிவு 2012இல் வெளியாயிற்று. ஒட்சிசன் குறைந்த கட்டிகளைக் கொண்டிருந்தவர்களுக்கு, மற்றக் காரணிகளைக் கணக்கில் எடுத்த பிறகும், நோய் திரும்பும் வாய்ப்புக் கூடுதலாக இருந்தது. 2014இல் இதே ரொறன்ரோக் குழு, புற்றுக்கலத்தின் மரபணுக் குலைவையும் அயலின் ஒட்சிசன் குறைவையும் ஒன்றாக வைத்துப் பார்த்தது. இரண்டும் சேர்ந்து இருந்தவர்களின் நிலைதான் மிக மோசம். கலத்தை மட்டும் படித்தாலும் அயலை மட்டும் படித்தாலும் பாதிக் கதைதான் கிடைக்கும் என்பதற்கு இதைவிட நேரான சான்று நான் அறியேன்.

நரம்புகளையும் விட்டுவிடக் கூடாது. பயொப்சி அறிக்கைகளில் புற்று நரம்பைச் சுற்றி ஊர்ந்திருக்கிறது என்று ஒரு வரி வரும். நரம்பு வெறும் பாதையாகத்தான் பயன்படுகிறது என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். நியூயோர்க்கில் கிளேர் மன்யோன், போல் பிரனெட் ஆகியோர் 2013இல் எலிகளில் காட்டியது வேறு. தன்னியக்க நரம்புகளின் ஒரு வகை புற்று வேர்கொள்ள உதவுகிறது, இன்னொரு வகை அது பரவ உதவுகிறது. முதல் வகை நரம்புகளை முன்கூட்டியே நீக்கிவிட்டால் கட்டி உருவாவதே தடைப்படுகிறது.

இனிப் பரவலுக்கு வருவோம். உயிரைக் கொல்வது பெரும்பாலும் அதுதான். புரொஸ்டேட் புற்று எலும்பைத் தேடிப் போகிறது. புரொஸ்டேட் புற்றுநோய் இருந்த 1589 ஆண்களின் பிரேதப் பரிசோதனைகளை ஆராய்ந்து 2000இல் வெளியான ஆய்வில், குருதிவழியே நோய் பரவியிருந்தவர்களில் 90 வீதத்தினருக்கு அது எலும்பில் இருந்தது. குருதி உடலெங்கும் ஓடுகிறது. ஏன் எலும்பு?

யாழ்ப்பாணத்தில் முருங்கைத் தடியை வேலியோரம் ஊன்றிவிட்டால் போதும், தளிர்த்துவிடும். அதே முருங்கையை மல்வேர்னில் வீட்டுப் பின்வளவில் நட்டால் முதல் உறைபனியோடு கருகிவிடும். தொட்டியில் வைத்து, குளிருக்கு முன் வீட்டுக்குள் தூக்கி வைப்பவர்கள்தான் கொஞ்சம் இலை பறிக்கிறார்கள். இலண்டனைச் சேர்ந்த ஸ்டீவன் பஜட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1889இல் இப்படித்தான் யோசித்தார். மார்புப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பரிசோதனைக் குறிப்புகளைத் திரட்டினார். ஈரலில் நிறையப் புற்று இருந்தது. மண்ணீரலில் மிகக் குறைவு. குருதி கொண்டுபோய்ப் போடும் இடத்தில் முளைக்கும் என்பது மட்டும் உண்மையானால் இந்த வேறுபாடு வராது. விதை எங்கும் விழுகிறது, பொருந்திய மண்ணில்தான் முளைக்கிறது என்றார்.

குருதியின் பாதையே விடை என்று வாதிட்டவர்களும் சும்மா பேசவில்லை. 1940இல் பிலடெல்பியாவின் ஒஸ்கார் பற்சன், இறந்தவர்களின் உடலில் இடுப்புப் பகுதி நாளத்தில் சாயத்தைச் செலுத்தி, அது முதுகெலும்பைச் சூழ்ந்த நாளங்களுக்குள் நேராக ஏறுவதைக் காட்டினார். அந்த நாளங்களில் தடுக்கிதழ்கள் இல்லை. இருமும்போதும் முக்கும்போதும் குருதி எதிர்த்திசையிலும் ஓடும். முதுகின் கீழ்ப்பகுதி எலும்புகளில் நோய் அடிக்கடி தோன்றுவதற்கு இந்தப் பாதையும் ஒரு காரணம் என்றே இன்று கருதப்படுகிறது. ஆனால் போய்ச் சேர்வது ஒன்று, பிழைத்து வேர்விடுவது இன்னொன்று.

எலும்பில் என்ன பொருத்தம்? இதற்கான விடை மீண்டும் ரொறன்ரோவில் தொடங்குகிறது. ஜேம்ஸ் டில், ஏர்னஸ்ட் மக்கலக் ஆகிய இருவரும் 1961இல் இங்கேதான் எலும்பு மச்சையில் குருதிக் கலங்களையெல்லாம் உண்டாக்கும் மூலக்கலங்கள் உண்டு என்பதைக் காட்டினார்கள். மூலக்கலங்கள் மச்சைக்குள் கண்டபடி மிதப்பதில்லை. எலும்பு ஆக்கும் கலங்களும் குருதிக் குழாய்களும் அமைத்துக் கொடுக்கும் குறித்த இடங்களில் தங்கியிருக்கின்றன. அங்கே சுரக்கும் ஒரு புரதத்தின் வாசனையைப் பிடித்தே வந்து சேர்கின்றன. புரொஸ்டேட் புற்றுக்கலமும் அதே புரதத்துக்கான ஏற்பியை வைத்திருக்கிறது. எல்லைக்கு அப்பால் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் யூசுகே ஷியோசாவா, ரசல் டெய்ச்மன் குழுவினர் 2011இல் எலிகளில் இதைச் சோதித்தார்கள். மூலக்கலங்களின் இருப்பிடங்களைப் பெருக்கியபோது எலும்பில் புற்றும் பெருகியது. இருப்பிடங்களைக் குறைத்தபோது புற்றும் குறைந்தது. மூலக்கலங்களை மச்சையிலிருந்து குருதிக்கு இறக்கும் மருந்தைக் கொடுத்தபோது, பதுங்கியிருந்த புற்றுக்கலங்களும் சேர்ந்து குருதிக்கு வந்தன. உடல் தன் மூலக்கலங்களுக்கென்று ஒதுக்கிய இடத்தைத்தான் புற்று பிடித்துக்கொள்கிறது.

இந்த இடத்தில் முருங்கை உவமை போதாமற் போகிறது. முருங்கை மல்வேர்ன் மண்ணைத் தனக்கு ஏற்றதாக மாற்றிக்கொள்ளாது. புற்று மாற்றுகிறது. எலும்பு எப்போதும் ஒருபுறம் கரைக்கப்பட்டு மறுபுறம் கட்டப்பட்டுக்கொண்டே இருக்கிறது. புரொஸ்டேட் புற்றுக்கலம் சுரக்கும் புரதங்கள் எலும்பைக் கட்டும் கலங்களைத் தூண்டுகின்றன. கட்டும் கலங்கள் கரைக்கும் கலங்களையும் உசுப்புகின்றன. எலும்பு கரையும்போது அதில் சேமித்திருந்த வளர்ச்சிப் புரதங்கள் வெளியாகிப் புற்றுக்கு ஊட்டமாகின்றன. எக்ஸ்-கதிர்ப் படத்தில் அந்த எலும்பு வெள்ளையாக, தடித்துத் தெரியும். பார்க்க உறுதியாக இருக்கும். உள்ளே ஒழுங்கில்லாமல் அடுக்கப்பட்டிருப்பதால் எளிதில் முறியும், வலிக்கும்.

அயலின் பங்கை அறிந்து சிகிச்சையில் என்ன கண்டோம்? ஹலிபக்ஸில் பிறந்த சார்ள்ஸ் ஹகின்ஸ், சிக்காகோவில் கிளாரன்ஸ் ஹொட்ஜஸுடன் சேர்ந்து, ஆண் ஓமோனைக் குறைத்தால் பரவிய புரொஸ்டேட் புற்றுகூடச் சுருங்கும் என்று 1941இல் காட்டினார். அதற்காக 1966இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரானார். இன்றும் அந்தச் சிகிச்சையே அடித்தளம். காலப்போக்கில் புற்று அதற்கு மசியாமற் போகிறது. அதற்கு ஒரு காரணம் புற்றுக்கலத்தின் புதிய மரபணுப் பிழைகள். 2020இல் நியூயோர்க்கில் சார்ள்ஸ் சோயர்ஸ் குழுவினர் இன்னொரு காரணத்தையும் கண்டார்கள். ஓமோன் தடைப்பட்டதும், அருகிலுள்ள நார்க்கலங்கள் நியூரெகுலின் என்ற வேறொரு வளர்ச்சிப் புரதத்தைக் கூடுதலாகச் சுரந்து புற்றுக்கலத்தைக் காப்பாற்றுகின்றன.

எலும்பில் சில வெற்றிகள் கிடைத்திருக்கின்றன. டெனொசுமாப் என்ற ஊசிமருந்து புற்றுக்கலத்தைத் தொடுவதில்லை. எலும்பைக் கரைக்கும் கலங்களை உசுப்பும் செய்தியை மறிக்கிறது. எலும்பு முறிவதும் நோவதும் தள்ளிப்போகின்றன. ரேடியம்-223 இன்னும் அழகான வழி. ரேடியம் கல்சியத்தின் இனத்தைச் சேர்ந்த மூலகம். புதிதாக எலும்பு கட்டப்படும் இடத்தில் அது தானாகப் போய்ப் படிகிறது. அது வீசும் அல்பாக் கதிர் ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்குகூடப் போகாது. ஆகவே புற்றும் அது கெடுத்த அயலும் சேர்ந்து அடி வாங்குகின்றன. 921 ஆண்களில் சோதித்தபோது, வாழ்நாளின் இடைநிலை அளவு 11.3 மாதங்களிலிருந்து 14.9 மாதங்களுக்கு நீண்டது. ஏறத்தாழ மூன்றரை மாதம். அந்த நிலையில் இருக்கும் ஒருவருக்கும் அவர் குடும்பத்துக்கும் அது சிறிய காலம் இல்லை.

தோல்விகளையும் சொல்ல வேண்டும். குருதிக் குழாய் முளைப்பதைத் தடுக்கும் பெவசிசுமாப் மருந்தைப் புரொஸ்டேட் புற்றுநோய்க்குப் பெரிய அளவில் சோதித்தார்கள். வாழ்நாள் கூடவில்லை. எலும்பு கட்டும் கலங்களைப் புற்று தூண்டுவதை மறிக்கும் மருந்துகளும் பெரிய சோதனைகளில் தேறவில்லை. கணையப் புற்றுநோய் எலிகளில் நார்க்கலங்களை ஒட்டுமொத்தமாக அழித்துப் பார்த்தபோது, 2014இல் வெளியான முடிவு எல்லாரையும் நிறுத்தி யோசிக்க வைத்தது. புற்று இன்னும் மூர்க்கமாயிற்று. அயற்கலங்களில் ஒரு பகுதி புற்றுக்கு உதவினாலும் இன்னொரு பகுதி அதை அடக்கிக்கொண்டிருந்திருக்கிறது. அயலை அழிப்பது வழியாக முடியாது. கெட்டுப்போன அயலைத் திரும்பவும் அடக்கிவைக்கும் குணத்துக்குக் கொண்டுவருவதே வழி என்று நான் நினைக்கிறேன். அது இன்னும் ஆய்வுகூடத்தில்தான் இருக்கிறது. இணையத்தில் அதற்கென்று குளிசையோ மூலிகையோ விற்பவர்களை நம்ப வேண்டாம்.

முதலில் கேட்ட கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று அனுப்பும் மருத்துவர் நோயை மறந்துவிடவில்லை. அந்தச் சிறு புற்றை அதன் அயல் அடக்கி வைத்திருக்கிறதா, கைநழுவ விடுகிறதா என்பதை இன்று ஒரே பார்வையில் சொல்லும் சோதனை எதுவும் இல்லை. காலந்தோறும் பார்த்துத்தான் அறியலாம். அதனால் கண்காணிப்பில் இருப்பவர்கள் திகதி தவறாமல் போக வேண்டும். சுகமாக இருக்கிறேனே என்று பயொப்சியைத் தள்ளிப்போடக் கூடாது. ஓய்ந்து படுத்தாலும் விடாத முதுகுவலியோ இடுப்புவலியோ வந்தால் அடுத்த திகதி வரும்வரை காத்திராமல் குடும்ப மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. சன்னிபுரூக்கின் 993 பேரும் பிரின்சஸ் மார்கிரெட்டின் 247 பேரும் நம்மைப் போல இந்த நகரத்து மருத்துவமனைகளுக்கு வைத்தியத்துக்குப் போனவர்கள்தான். அந்த 247 பேரும் தங்களுக்கு உடனடிப் பயன் ஏதும் தராத ஓர் ஊசியைத் தாங்க ஒப்புக்கொண்டார்கள். சத்திரசிகிச்சைக்கோ பயொப்சிக்கோ போகும்போது, எடுக்கும் இழையத்தில் ஒரு துண்டை ஆய்வுக்கு வைத்துக்கொள்ளலாமா என்று உங்களிடமும் ஒரு படிவம் நீட்டப்படலாம். விளங்காமல் கையெழுத்திட வேண்டாம், விளங்கவில்லை என்பதற்காக மறுக்கவும் வேண்டாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேளுங்கள். என்ன எடுக்கிறார்கள், எதற்கு வைத்திருப்பார்கள், பெயர் மறைக்கப்படுமா என்று கேட்டறியுங்கள். மனம் ஒப்பினால் சம்மதம் கொடுங்கள்.